புழுக்கத்தின் எண்

நெல்லை ஊறவைத்து அவித்தால் புழுங்கல். ஊரையே அவித்தால் புழுக்கம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கொப்பரையில் ஆவியில் வேகும் நெல்லுக்கும், வைகாசி மாலையில் சென்னையில் பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கும் நேர்வது ஏறக்குறைய ஒன்றே என்பதை மொழி தன் சொல்லிலேயே வைத்திருக்கிறது. உலர்ந்த சூட்டைச் சொல்லத் தமிழில் வேறு சொற்கள் உண்டு. அடுப்பு வாயிலிருந்து அடிப்பது அனல். பட்டப்பகலில் தார்ச்சாலையிலிருந்து கிளம்புவது வெக்கை. புழுக்கம் அந்த வரிசையில் சேராது. சூட்டோடு நீரும் சேர்ந்தால்தான் புழுக்கம்.

சித்திரைக் கடைசியில் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்குபவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. வேலூரில் 41 டிகிரி, சென்னையில் 36 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து டிகிரி குறைந்த ஊருக்கு வந்திருக்கிறார். ஆனால் நடைமேடையில் கால் வைத்த பத்தாவது நிமிடம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. வேலூரிலும் அவருக்கு வியர்த்தது. வியர்த்தது தெரியாமலே உலர்ந்து, காலரில் வெள்ளையாக உப்பு மட்டும் பூத்திருந்தது. இங்கே வியர்வை உலராமல் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் வழிகிறது. வெப்பமானி சூடு குறைவு என்கிறது, உடம்பு கூடுதல் என்கிறது. இரண்டு சாட்சியும் உண்மையே பேசுகின்றன. வெப்பமானிக்குத் தெரிந்தது காற்றின் சூடு மட்டும்.

அப்படியானால் காற்றின் ஈரத்தைச் சொல்லும் எண் எது? நாளிதழின் வானிலைப் பெட்டியில் ஓர் எண் இருக்கிறது. காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் பதிவான ஈரப்பதம், சதவீதத்தில். பலரும் புழுக்கத்தின் அளவு அதுதான் என்று நினைக்கிறார்கள். அந்தச் சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மே மாதத்துச் சென்னை நாள் ஒன்று. காலையில் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 78 சதவீதம். பிற்பகலில் வெப்பம் 38 டிகிரிக்கு ஏறுகிறது. இடையில் காற்றில் ஒரு சொட்டு நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று கொண்டால், ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். எண்ணைப் பார்ப்பவருக்குக் காற்று பாதி உலர்ந்துவிட்டதாகத் தோன்றும். அதே நீர் அப்படியே அங்கேயே இருக்கிறது. மாறியது அதை ஒப்பிடும் அளவுகோல்.

பாடநூல் இதை ஒப்பு ஈரப்பதம் என்று சரியாகவே பெயரிட்டிருக்கிறது. அந்த வெப்பநிலையில் அதிகபட்சமாக இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே அந்தச் சதவீதம். அந்த அதிகபட்சம் நிலையாக நிற்பதில்லை. ஒரு கனமீட்டர் இடத்தில் 10 டிகிரியில் சுமார் 9 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம், 40 டிகிரியில் 51 கிராம். ஒரு டிகிரி ஏறினால் அதிகபட்சம் ஐந்தாறு சதவீதம் ஏறுகிறது. காற்று நீரைத் தாங்கிக்கொள்கிறது என்பது பேச்சு வழக்கு. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் இந்தக் கணக்கு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். ஒரு வாயுக்கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் அழுத்தத்தைத் தானே தருகிறது என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் டால்டன் காட்டிய பிறகே இது தெளிவானது.

ஊட்டியில் மூடுபனி கவிந்த ஒரு விடியலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெப்பம் 8 டிகிரி, ஈரப்பதம் முழு 100 சதவீதம். அந்தக் காற்றில் கனமீட்டருக்கு 8 கிராம் நீராவிதான் இருக்கிறது. 50 சதவீதம் என்று அச்சாகும் சென்னைப் பிற்பகலில் இருப்பது 23 கிராம். நூறு சொல்லும் ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார்கள், ஐம்பது சொல்லும் ஊரில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சென்னையில் பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றில், பத்தடி உயரத்துக்கு, அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மிதப்பது அரை லிட்டருக்கும் மேலான தண்ணீர்.

இந்தத் தண்ணீரை நேரடியாகச் சொல்லும் எண் வேறு. அதன் பெயர் பனிநிலை.

காற்றை அப்படியே, நீராவியைக் கூட்டாமல் குறைக்காமல், குளிர்வித்துக்கொண்டே போனால் ஏதோ ஒரு வெப்பநிலையில் அது நிறைநிலையை எட்டும். அதற்குக் கீழே போனால் ஆவி நீராகப் படியத் தொடங்கும். அந்த வெப்பநிலைதான் பனிநிலை. மேலே சொன்ன மே மாத நாளில் காலை 30 டிகிரியிலும் பனிநிலை சுமார் 26தான், பிற்பகல் 38 டிகிரியிலும் 26தான். நீர் மாறாதவரை அந்த எண்ணும் மாறாது. ஊட்டியின் விடியலில் அது 8.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. பிரான்சின் மோன்பெலியே நகரத்து மருத்துவர் சார்ல் லெ ருவா 1751இல் ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் வைத்து, அதைப் பனிக்கட்டியால் குளிர்வித்து, குவளையின் வெளிப்புறத்தில் முதல் ஈரப்படலம் எப்போது தோன்றுகிறது என்று பார்த்தார். 1820இல் லண்டனில் ஜான் டேனியல் அதே கருத்தை ஒரு கருவியாக்கினார். கறுப்புக் கண்ணாடிக் குமிழ் ஒன்றை ஈதர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சியால் குளிர்வித்து, அதன்மேல் பனி படியும் கணத்தில் உள்ளே இருக்கும் வெப்பமானியைப் படித்தார். மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளியே முத்து முத்தாகத் துளிர்க்கும் நீரைத் துடைத்தபடி குடிக்கிற எவரும் இந்தச் சோதனையைப் பலமுறை செய்துவிட்டார்கள். எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

உடம்பு ஏன் சதவீதத்தை விட்டுப் பனிநிலையைப் பின்தொடர்கிறது என்பதற்கான விடையும் அந்த டம்ளரிலேயே இருக்கிறது. மனிதத் தோல் வெயில் நாளில் ஏறத்தாழ 35 டிகிரியில் நிற்கிறது. காற்று 30 ஆனாலும் 40 ஆனாலும் அது பெரிதாக மாறுவதில்லை. நனைந்த தோலின்மேல் நீராவி அந்த 35 டிகிரிக்கு உரிய அழுத்தத்தோடு வெளியேறப் பார்க்கிறது. எதிரே காற்றில் இருக்கும் நீராவி தன் அழுத்தத்தைத் தருகிறது. வியர்வை எவ்வளவு வேகமாக உலரும் என்பதை இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தீர்மானிக்கிறது. ஒரு பக்கம் தோல், கிட்டத்தட்ட மாறாதது. மறுபக்கம் பனிநிலை. காற்றின் சூட்டைச் சார்ந்து ஏறி இறங்கும் சதவீதத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

பனிநிலை 12 டிகிரியாக இருக்கும் ஒரு வறண்ட நாளோடு ஒப்பிட்டால், 26 டிகிரி பனிநிலையில் இந்த வேறுபாடு பாதிதான். அதாவது அதே காற்றோட்டத்தில் தோலிலிருந்து பாதி வியர்வையே உலர முடியும். ஒரு லிட்டர் வியர்வை முழுதும் உலர்ந்தால் உடம்பிலிருந்து 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. தரையில் சொட்டி வீணாகும் வியர்வை கிட்டத்தட்ட எதையும் எடுத்துச் செல்வதில்லை. புழுக்கத்தில் அதிகம் வியர்க்கிறது என்று நினைக்கிறோம். உலராமல் நிற்பதால்தான் கண்ணில் படுகிறது, குளிரச் செய்யாததால் உடம்பு மேலும் மேலும் சுரக்கிறது.

இதன் இரண்டு எல்லைகளையும் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு குழு தன் உடம்பில் சோதித்துப் பார்த்தது. லண்டனில் மருத்துவர் ஜார்ஜ் ஃபோர்டைஸ் ஏற்பாடு செய்த சூடேற்றிய அறைக்குள் 1774இல் சார்லஸ் பிளாக்டன், ஜோசப் பேங்க்ஸ் முதலியவர்கள் நுழைந்தார்கள். நீர் கொதிக்கும் சூட்டிலும், பிறகு அதற்கு மேலும், 120 டிகிரியைத் தாண்டிய உலர்ந்த காற்றிலும் அவர்கள் சில நிமிடங்கள் நின்று நலமாக வெளியே வந்தார்கள். அதே சூட்டு அறையில் முட்டை கெட்டியாக வெந்தது, மாட்டிறைச்சித் துண்டு சமைந்தது. வியர்வை உலர்ந்துகொண்டே இருந்ததால் மனிதர் தப்பினார். ஆனால் கொதிநீர் ஊற்றி ஆவி நிறைத்த அறையில், அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே, ஃபோர்டைஸின் உடம்பெல்லாம் நீர் ஓடியது. அது வியர்வை மட்டும் அல்ல என்று அவர்கள் சந்தேகித்தார்கள். உடம்பின் சூட்டில் நீர் நிரப்பிய குடுவையை அந்த அறைக்குள் வைத்தபோது குடுவையின்மேலும் நீர் வழிந்தது. மனிதரே மோர் டம்ளர் ஆகியிருந்தார். பனிநிலை தோலின் சூட்டைத் தாண்டினால், தோலிலிருந்து நீர் காற்றுக்குப் போவது நின்று, காற்றிலிருந்து நீர் தோலுக்கு வருகிறது, தன் வெப்பத்தையும் கொண்டுவந்து தருகிறது.

மண்பானைத் தண்ணீர் ஊருக்கு ஊர் வேறாக இருப்பதற்கும் காரணம் இதுதான். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் உலர்ந்து உள்ளே இருப்பதைக் குளிர்விக்கிறது. உலர்ந்த ஊரில், 40 டிகிரி வெயிலில் பனிநிலை 14 என்றால், பானைநீர் 23, 24 டிகிரியை நோக்கி இறங்க இடமிருக்கிறது. கடலோரத்தில், 36 டிகிரிக் காற்றில் பனிநிலை 26 என்றால், 29ஐ ஒட்டி நின்றுவிடும். ஏர் கூலர் வேலூரில் உதவுவதும், சென்னையில் ஏற்கெனவே நிறைந்த அறைக்குள் மேலும் ஈரத்தைக் கொட்டுவதும் இதே கணக்குதான். ஏசி வேறு வழியில் போகிறது. அதன் உள்ளே இருக்கும் குழாய்ச் சுருள் பனிநிலைக்கும் கீழே குளிர்ந்திருப்பதால் அறைக்காற்றின் ஆவி அதன்மேல் நீராகப் படிகிறது. சந்துகளில் ஏசிக் குழாயிலிருந்து நாள் முழுதும் சொட்டும் தண்ணீர், உள்ளே இருப்பவர் சுவாசித்திருந்த காற்றின் ஈரம்.

சதவீதத்துக்கும் உரிய இடம் இருக்கிறது, அதைப் பறிக்க வேண்டியதில்லை. தலைமுடி, காகிதம், மரக்கதவு, உப்பு, அப்பளம் ஆகியவை தாம் இருக்கும் காற்றின் சூட்டையே கொண்டிருக்கின்றன. அவை ஒப்பு ஈரப்பதத்துக்குத்தான் செவிசாய்க்கும். ஜெனீவாவின் ஓரஸ் பெனடிக்ட் தெ சோசூர் 1783இல் மனிதத் தலைமுடியை வைத்தே ஈரமானி செய்தார். முழு வறட்சியிலிருந்து முழு ஈரத்துக்குப் போனால் முடி இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீள்கிறது. சமையலறை ஜாடியில் உப்பு, ஒப்பு ஈரப்பதம் 75ஐத் தாண்டினால் தானே கரைந்து கசியும். ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடி நனைந்திருப்பதும் மரக்கதவு நிலையில் இறுகி மாட்டுவதும் அந்தச் சதவீதத்தின் வேலை. தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் சிவகாசியில் வேரூன்ற அங்குள்ள வறண்ட காற்று துணையாக இருந்தது.

அச்சுக்கூடத்தோடு ஒரு பெரிய வரலாறும் ஒட்டியிருக்கிறது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் விரிந்து, ஒரு வண்ணத்தின்மேல் அடுத்த வண்ணம் சரியாகப் பொருந்தாமல் போனது. வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளரிடம் அந்தச் சிக்கல் வந்தது. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின்மேல் காற்றைச் செலுத்தி, அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை அவர் வடிவமைத்தார். காற்றின் பனிநிலையை முதலில் பிடித்து நிறுத்திவிட்டு, பிறகு தேவையான சூட்டுக்குக் கொண்டுபோனால், வேண்டிய சதவீதம் தானே கிடைக்கும் என்பதே அவர் பிற்பாடு விரித்தெடுத்த வழி. இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் ஏசி, காகிதத்தைக் காப்பாற்றப் பிறந்த இயந்திரத்தின் வழித்தோன்றல்.

புழுக்கத்தில் காற்று கனத்துவிட்டது போலத் தோன்றும். “காத்தே இல்ல, இறுக்கமா இருக்கு” என்பார்கள். உண்மையில் ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட இலேசானது. நீர் மூலக்கூறின் எடை 18, உலர்காற்றின் சராசரி 29. இலேசான, ஈரம் நிறைந்த அந்தக் காற்று எளிதில் மேலே எழும். எழுந்து குளிர்ந்து பனிநிலையை எட்டும் உயரத்தில் மேகம் கட்டும், படியும் ஆவி விடும் வெப்பம் அதை மேலும் மேலே தள்ளும். “ஒரே புழுக்கமா இருக்கு, மழை வரும்” என்று திண்ணையில் சொல்லும் பாட்டியின் கணிப்பு இந்த இயற்பியலின்மேல்தான் நிற்கிறது.

மார்கழியில் இதே எண் வேறு முகம் காட்டுகிறது. தமிழர் ஆண்டை ஆறாகப் பகுத்தபோது இரண்டு பருவங்களுக்கு, முன்பனிக்கும் பின்பனிக்கும், பனியின் பெயரையே வைத்தார்கள். பனி பெய்கிறது, இறங்குகிறது என்கிறோம், மேலிருந்து விழுவது போல. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், தோட்டத்தில் எடைபோட்ட கம்பளிக் கொத்துகளை இரவெல்லாம் வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பனியை ஏற்றது என்று திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்து 1814இல் வேறு விடை சொன்னார். தெளிந்த இரவில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சூழ்ந்த காற்றைவிடக் குளிர்ந்து, பனிநிலைக்குக் கீழே போகிறது. அப்போது பக்கத்துக் காற்றின் ஆவி அதன்மேல் படிகிறது. எதுவும் விழுவதில்லை, இருந்த இடத்திலேயே நீராகிறது.

அதே படிதல்தான் கோடை இரவைக் கொடியதாக்குகிறது. இரவில் தரை குளிரக் குளிர வெப்பம் பனிநிலையை நெருங்கும். அங்கே ஆவி நீராகத் தொடங்கி, தன் உள்வெப்பத்தை விட்டுக்கொடுத்து, மேலும் குளிர்வதைத் தடுக்கும். தவிர, காற்றில் நிறைந்த நீராவியே தரையின் வெப்பத்தை வானத்துக்குத் தப்பவிடாமல் ஒரு போர்வையாக மூடுகிறது. ஆகவே பனிநிலை 26 என்றால் அந்த இரவு 26க்குக் கீழே எளிதில் இறங்காது. பாலைவனத்தில் பகல் 42 ஆனாலும் இரவில் போர்வை தேடுவார்கள். கடலோரத்தில் பகல் 36தான், ஆனால் விடியும்வரை 28. தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் கீழே தூங்குகிறவர்களுக்குப் பகலின் சூட்டிலிருந்து உடம்பு மீள்வதற்கான அந்தச் சில மணி நேரமும் கிடைப்பதில்லை.

உடம்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதை அளக்க ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் பயன்படுத்துகிறார்கள், நனைந்த தோலின் சிறு மாதிரி அது. அது காட்டும் எண்தான் ஈரவெப்பம். உடலியலாளர் ஜே.எஸ். ஹால்டேன் இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் ஆராய்ந்து 1905இல் எழுதினார்: அசையாத காற்றில் ஈரவெப்பம் 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருப்பவரின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்குகிறது. 2010இல் ஷெர்வுட், ஹியூபர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 35 டிகிரி ஈரவெப்பத்தை மனிதர் தாங்கக்கூடிய இறுதி எல்லையாகக் கணக்கிட்டார்கள். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இளைஞர்களை ஆய்வறையில் வைத்துப் பார்த்தபோது, எல்லை அதைவிடக் கீழே, மீண்டும் 31ஐ ஒட்டி வந்தது. நூறாண்டுக்கு முன் சுரங்கத்தில் கண்டதோடு அது பொருந்துகிறது. பாகிஸ்தானின் ஜேக்கபாபாதிலும் பாரசீக வளைகுடாக் கரையிலும் 35ஐ ஈரவெப்பம் சிறிது நேரத்துக்குத் தொட்டிருப்பதை 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலையில் பனிநிலையே 35ஐ எட்டியது. ஃபோர்டைஸின் ஆவி அறை வெட்டவெளிக்கு வந்த நாள் அது.

தமிழகக் கடற்கரை அந்த எல்லையில் இல்லை. ஆனால் வங்கக்கடலின் மேற்பரப்பு கோடையில் 30 டிகிரியை ஒட்டி இருக்கிறது, அதன்மேல் வரும் காற்று நிறையவே ஆவியை ஏந்தி வருகிறது. உழைக்கும் உடம்பு தானே வெப்பத்தை உண்டாக்குவதால் அதன் எல்லை இன்னும் கீழே இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருபவர், கட்டடத்தில் சித்தாள் வேலை செய்பவர், சலவைக்கூடத்தில் நிற்பவர் ஆகியோருக்கு வெப்பமானியின் எண் பாதிக் கதைதான். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு உள்ளிட்ட ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். அவர்கள் கையாண்ட அளவீட்டில் காற்றின் சூட்டுக்கு ஒரு பங்கு, வெயிலின் கதிருக்கு இரண்டு பங்கு, ஈரவெப்பத்துக்கு ஏழு பங்கு. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாமில் இளைஞர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்ததற்குப் பிறகு உருவான அளவீடு அது.

ஆனால் வெப்ப அலை என்று அறிவிக்கும் அளவுகோல் இன்றும் பெரும்பாலும் வெப்பமானியையே நம்பியிருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி கடலோர நிலையத்தில் வெப்பம் குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். 36 டிகிரியும் 27 பனிநிலையுமாக இருக்கும் ஒரு நாள் அந்தக் கணக்கில் சேராது. 2023இல் ஈரத்தையும் சேர்த்த வெப்பக் குறியீட்டைத் துறை சோதனை முறையில் வெளியிடத் தொடங்கியது, 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இரண்டும் நல்ல தொடக்கங்கள். பனிநிலை ஒவ்வொரு வானிலை நிலையத்திலும் நாள்தோறும் பதிவாகிறது. அது பதிவேட்டோடு நிற்காமல் நாளிதழின் வானிலைப் பெட்டிக்கும் தொலைக்காட்சிச் செய்திக்கும் வர வேண்டும். வேலை நேரத்தையும் இடைவேளையையும் முடிவுசெய்பவர்களின் மேசைக்கும் வர வேண்டும்.

அதுவரை வாசகர் தாமே அளந்துகொள்ளலாம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர், பள்ளி ஆய்வகத்தில் இருப்பது போன்ற ஒரு வெப்பமானி, கொஞ்சம் ஐஸ். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஐஸைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கியபடி டம்ளரின் வெளிப்புறத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். பளபளப்பு மங்கி முதல் ஈரப்படலம் தோன்றும் கணத்தில் வெப்பமானியைப் படியுங்கள். 16க்குக் கீழே என்றால் காற்று இதமாக இருக்கிறது. 21ஐத் தாண்டினால் கசகசப்பு. 24க்கு மேலே என்றால் வெளியே வேலை செய்பவருக்கு நிழலும் குடிநீரும் அடிக்கடி ஓய்வும் தேவை, மேகம் மூடியிருந்தாலும் தேவை. சென்னையில் மே மாதத்தில் அந்த எண் பெரும்பாலும் 25ஐ ஒட்டியே வரும்.